மிஸோகுச்சியின் ‘அகாசென் சித்தாய்’ (1956): கண்ணீர்ப் படமா, கடன் படமா?

பழனிவேல்_மதுரை:

வணக்கம் நண்பர்களே. ஜப்பானிய இயக்குநர் மிஸோகுச்சி கென்ஜியின் கடைசிப் படத்துக்கு இந்தக் குழுமத்தில் இன்னும் தனி இழை இல்லை. ‘ஸ்ட்ரீட் ஆஃப் ஷேம்’ என்ற ஆங்கிலப் பெயரில் பலர் பார்த்திருப்பீர்கள். 1956 மார்ச்சில் வந்த கறுப்பு வெள்ளைப் படம். டோக்கியோவில் யோஷிவாரா என்ற பழைய விபச்சார வட்டாரம், அங்கே ‘கனவூர்’ என்று பெயர் வைத்த ஒரு விடுதி, அதில் தொழில் செய்யும் ஐந்து பெண்கள். விபச்சாரத் தடை மசோதா நாடாளுமன்றத்தில் என்ன ஆனது என்ற பேச்சு கதை நெடுகக் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக ஐந்து பெண்களின் சோகக் கதை என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் இது கடனைப் பற்றிய படம். யாராவது பணம் கேட்கிறார்கள், யாராவது எண்ணிக் கொடுக்கிறார்கள், யாராவது தவணை சொல்கிறார்கள். ஹனயேவின் கணவனுக்குக் காசநோய், வேலை கிடையாது, வீட்டில் கைக்குழந்தை. யுமெகோ கணவனை இழந்தவர். கிராமத்தில் வளரும் மகனுக்கு மாதாமாதம் பணம் போக வேண்டும். யசுமியின் அப்பா லஞ்ச வழக்கில் சிக்கியவர்; அவரை வெளியே எடுக்கப் பணம் தேடித்தான் இவள் இந்த வாசலுக்கே வந்தாள். கோபேயிலிருந்து வரும் மிக்கி, கையில் காசு வருவதற்கு முன்பே செலவு செய்துவிடுகிறவள். யொரியேவுக்கு ஒரு கல்யாணக் கனவு இருக்கிறது. அதற்கும் முதலில் இங்கே இருக்கும் பாக்கி தீர வேண்டும்.

யசுமி அதே விடுதிக்குள் சக பெண்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுக்கிறாள். முதலாளி மேலே இருந்து வசூலிக்கிறார் என்றால் இவள் பக்கத்திலிருந்தே வசூலிக்கிறாள். நோட்டை எண்ணும்போது அவள் முகத்தில் பேராசையைத் தேடினேன், கிடைக்கவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணின் முகம் மாதிரி அவ்வளவு கவனம். யசுமியாக நடிக்கும் வகாவோ அயாகோவுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும்.

பின்னணி ஒன்று. 1946இல், போருக்குப் பின் ஜப்பானை ஆண்ட அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் உரிமம் பெற்ற விபச்சார முறையை ஒழித்தது. அப்புறம் இந்த விடுதிகள் ‘சிறப்பு உணவகம்’ என்ற பெயரில் ஓடின. கணக்குப்படி பெண்கள் உணவு பரிமாறுகிறவர்கள். போலீஸ் தன் வரைபடத்தில் இந்த வட்டாரங்களைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டுவைத்தது (‘அகாசென்’ என்றால் சிவப்புக் கோடு), கோட்டுக்குள் நடந்ததைக் கண்டுகொள்ளவில்லை. 1955 அக்டோபரில் ஜப்பானிய உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. அப்பா வாங்கிய முன்பணத்துக்காக மகளை அனுப்பிய வழக்கு. அந்த ஒப்பந்தமும் செல்லாது, கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்றது தீர்ப்பு. படம் வந்தது அதற்கு ஐந்தாறு மாதம் கழித்து. ஆக, தாளில் முன்பணம் செத்துவிட்டது. ஆனால் கனவூரில் யாரும் கடனில்லாமல் இல்லை. படத்தின் மையம் இதுதான் என்பேன்.

நெய்தல்:

இழைக்கு நன்றி. ஆனால் நீங்கள் சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

பணம் எங்கும் இருக்கிறது, சரி. ஆனால் பணத்தைத் திறமையாகக் கையாளும் ஒரே பெண்ணுக்குப் படம் என்ன செய்கிறது? யசுமி தன்னைக் கல்யாணம் செய்துகொள்வாள் என்று நம்பி ஒருவன் கம்பெனிப் பணத்தைக் கையாடிக் கொண்டுவந்து கொட்டுகிறான். ஏமாந்தது தெரிந்ததும் அவளைக் கொல்லப் பாய்கிறான். மகனுக்காகவும் புருஷனுக்காகவும் தன்னை அழித்துக்கொள்கிறவர்கள் மேல் கேமராவுக்கு இருக்கும் கனிவு யசுமி மேல் இல்லை. தியாகம் செய்கிற பெண்ணுக்குத்தான் நம் கண்ணீர் என்பது ஆண் இயக்குநர்களின் பழைய கணக்கு. மிஸோகுச்சி அதை முழுக்கத் தாண்டவில்லை.

அவர் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும். சிறு வயதில் குடும்ப வறுமையால் அக்காவைத் தத்துக் கொடுத்தார்கள், அந்த அக்கா கெய்ஷாவாக (விருந்துகளில் ஆடிப்பாடும் பெண்ணாக) விற்கப்பட்டார், பின்னால் அவர்தான் தம்பியைத் தாங்கினார். 1925இல் கூட வாழ்ந்த பெண் ஒருத்தி சவரக்கத்தியால் இவர் முதுகில் வெட்டினாள். முப்பதுகளிலிருந்து திரும்பத் திரும்ப இதே உலகத்தைப் படமாக எடுத்தவர் மனசில் ஒரு குற்ற உணர்வு இருந்திருக்கும் என்பது என் ஊகம். குற்ற உணர்வு நல்ல படம் எடுக்க வைக்கும். ஆனால் அந்தப் பெண் தன் வேலையைப் பற்றித் தானே என்ன நினைக்கிறாள் என்று கேட்க வைக்காது.

ஒரு காட்சிக்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன். மிக்கியின் அப்பா அவளைத் தேடி வரும் காட்சி. வசதியான வியாபாரி, கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறார், வீட்டுக்கு வா என்கிறார். அம்மா இறந்த செய்தியை அங்கே வைத்துத்தான் அவள் கேட்கிறாள். தான் மறுமணம் செய்துகொண்டதையும் சொல்கிறார். மகள் இப்படி இருந்தால் குடும்பத்தில் மற்றவர்களின் எதிர்காலம் கெடுமாம். அப்பா ஊர் மேய்ந்ததில் அம்மா பட்ட பாட்டை மிக்கி எடுத்துப் போடுகிறாள். கடைசியில், நீங்களும் வாடிக்கையாளர்தானே, வாருங்கள், என்னோடு ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கிறாள். அப்பா பதறி ஓடுகிறார். அதுவரை சூயிங்கம் மென்று திரிந்த மிக்கி (நடிகை கியோ மச்சிகோ) அதற்குப் பிறகு உட்காரும் விதத்தைப் பாருங்கள். விடுதியை நடத்துவது முதலாளி மட்டும் இல்லை, வீட்டில் நல்ல பெயரோடு இருக்கும் அப்பாக்களும்தான் என்று வேறெந்தக் காட்சியும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை.

இளங்கோ:

படத்தை நேற்று இரவுதான் பார்த்தேன். ஆரம்பத்தில் ஒலிக்கும் அந்த இசை என்ன? கூரைகளைக் காட்டும்போது பேய்ப்படம் மாதிரி ஊளையிடுகிறது. என்னால் ஒட்டவே முடியவில்லை. இன்னொரு கேள்வி: இந்தப் படத்தால்தான் ஜப்பானில் விபச்சாரத் தடைச் சட்டமே வந்தது என்று பல இடங்களில் போட்டிருக்கிறார்கள். உண்மையா?

டோக்கியோ சேகர்:

தம்பி, இசை மயுசுமி தொஷிரோவுடையது. ஜப்பானில் மின்னணு இசையை முதலில் கையிலெடுத்தவர்களில் ஒருவர், அப்போது இருபத்தேழு வயது. படம் வந்தபோதே அந்த இசையைக் கடுமையாகத் திட்டிய விமர்சகர்கள் இருந்தார்கள். எனக்குப் பிடிக்கும். ஷமிசென் என்ற பழைய தந்தி வாத்தியத்தைப் போட்டிருந்தால் பழைய யோஷிவாராவின் அழகு ஞாபகம் வந்திருக்கும். இந்த ஊளை அந்த ஞாபகத்துக்கு இடமே கொடுக்கவில்லை.

சட்டம் பற்றி. படத்துக்குள் மசோதா தோற்றுப்போகிறது, விடுதி முதலாளி நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார். நிஜத்தில் 1955 கோடையில் ஒரு மசோதா கீழவையில் தோற்றது. அப்புறம் 1956 மே மாதம் சட்டம் நிறைவேறியது, படம் வந்து இரண்டு மாதத்தில். அதனால்தான் ‘படம் சட்டத்தைக் கொண்டுவந்தது’ என்ற பேச்சு. படம் நன்றாக ஓடியது, பேச்சைக் கிளப்பியது, அதெல்லாம் சரி. ஆனால் இச்சிகாவா ஃபுசாயே, கமிச்சிக்கா இச்சிகோ போன்ற பெண் உறுப்பினர்கள் கட்சி எல்லை தாண்டிச் சேர்ந்து பல வருடம் மல்லுக்கட்டியதை மறந்துவிட்டு ஒரு சினிமாவுக்குப் பெருமை கொடுப்பது நியாயமில்லை. மிஸோகுச்சி அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். சட்டம் நிறைவேறியதைப் பார்த்தார், அமலுக்கு வந்ததைப் பார்க்கவில்லை. தண்டனைப் பிரிவுகள் 1958 ஏப்ரல் 1இல்தான் நடைமுறைக்கு வந்தன.

விடுதி முதலாளி பெண்களைக் கூட்டிவைத்துப் பேசுவார் ஞாபகமிருக்கிறதா? அரசாங்கம் செய்யாத சமூக சேவையை நாங்கள் செய்கிறோம், உங்களைப் பார்த்துக்கொள்வது நாங்கள்தான் என்கிற தோரணையில். இயக்குநரின் கற்பனை என்று நினைக்காதீர்கள். நாடு முழுக்க இருந்த விடுதி உரிமையாளர்களின் சங்கத்துக்குப் பால்வினை நோய்த் தடுப்புச் சங்கம் என்றுதான் பெயர். அந்தச் சங்கம் சட்டத்தைத் தள்ளிப்போடவும் நீர்த்துப்போகச் செய்யவும் ஆளுங்கட்சி உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்தது என்று 1957இல் பெரிய ஊழல் வழக்கே வெடித்தது.

தாமரை_சேலம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சினிமா ஆள் இல்லை. எச்.ஐ.வி தடுப்புத் திட்டம் ஒன்றில் களப்பணியாளராகப் பல வருடம் தொழில் செய்யும் பெண்களோடு வேலை பார்த்தவள். மகள் சொல்லித்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன்.

பழனிவேல் சார் சொன்ன கடன் விஷயம் எனக்கு அப்படியே பொருந்தியது. நாங்கள் ஆணுறை, பரிசோதனை என்று பேசப் போவோம். அவர்கள் பேச விரும்பியது தண்டல்காரனைப் பற்றி. காலையில் ஆயிரம் வாங்கினால் கைக்கு வருவது எண்ணூறோ தொள்ளாயிரமோ, தினமும் கட்ட வேண்டும், ஒருநாள் தவறினால் மீட்டர் வட்டி ஓடும். வாடிக்கையாளர் ஆணுறை வேண்டாம் என்று கூடக் கொஞ்சம் பணம் நீட்டும்போது அந்தப் பெண் ஏன் தலையாட்டினாள் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். சாயங்காலம் தண்டல் கட்டணும் என்பதுதான் பதில். கடனைத் தொடாமல் நோயைத் தடுக்க முடியாது என்று நாங்கள் புரிந்துகொண்டதே தாமதமாகத்தான். கல்கத்தா சோனாகாச்சியில் அந்தப் பெண்களே 1995இல் உஷா என்று தங்கள் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். சேமிப்பு, குறைந்த வட்டிக்குக் கடன். கந்துவட்டிக்காரனிடமிருந்து பலரை மீட்டது அதுதான்.

அந்த ஹனயே. கண்ணாடி போட்டுக்கொண்டு, சாதாரணப் புடவைக்காரி மாதிரி (அவர்கள் ஊர் உடைதான், எனக்கு அப்படித்தான் தோன்றியது), வேலை முடிந்து புருஷனையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நூடுல்ஸ் கடைக்குப் போகிறாள். அந்தக் காட்சியில் தொழில் பற்றி ஒரு அசிங்கமும் கிடையாது. குழந்தைக்குப் பால், கிண்ணத்தில் சாப்பாடு, நாளைக்கு என்ன செய்வது. எனக்குத் தெரிந்த பெண்களில் முக்கால்வாசிப் பேர் இந்த ஹனயேதான். பஸ்ஸில் நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், நமக்குத் தெரியாது. அவள் புருஷன் தூக்கு மாட்டிக்கொள்ளப் போகும்போது இழுத்துப் போட்டுத் திட்டுகிறாளே, குழந்தைக்குப் பால் வாங்க வழியில்லை, இதெல்லாம் பண்பட்ட நாடா, நான் சாகமாட்டேன், என்ன ஆகிறது என்று பார்த்துவிடுகிறேன் என்று! நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டுச் சட்டமும் அதே 1956, டிசம்பரில் வந்தது. 1986இல் திருத்திப் பெயர் மாற்றினார்கள். அதில் நாலாவது பிரிவு, ஒரு பெண் இந்தத் தொழிலில் சம்பாதிப்பதைக் கொண்டு வாழும் பதினெட்டு வயது தாண்டிய எவரும் குற்றவாளி என்கிறது. தரகனைப் பிடிக்கத்தான் வைத்தார்கள். ஆனால் அதே வார்த்தைகளுக்குள் ஹனயேவின் நோயாளிப் புருஷனும் வந்துவிடுவான். யுமெகோவின் மகனும் வருவான், வயது ஆகிவிட்டால். பையன் காலேஜ் சேர்ந்ததும் அம்மா பணத்தில் படிக்கிறான் என்று வெளியே தெரியக்கூடாது என நடுங்கிய அம்மாக்களை எனக்குத் தெரியும். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சில வழிகாட்டுதல்கள் கொடுத்தது. அம்மா இந்தத் தொழிலில் இருக்கிறாள் என்பதற்காக மட்டும் குழந்தையைப் பிரிக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. அதற்கே இத்தனை வருடம் ஆனது.

நெய்தல்:

தாமரை அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு நூடுல்ஸ் கடைக் காட்சியை மறுபடி போட்டுப் பார்த்தேன். நான் அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறேன். நன்றி.

சேகர் சொன்ன பெண் உறுப்பினர்கள் விஷயத்தில் ஒரு கசப்பும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்து யோஷிவாராப் பெண்களே சங்கமாகத் திரண்டார்கள். உரிமையாளர்கள் தூண்டிவிட்டதும் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்ற கேள்வி அவர்களுடையதுதான். அதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. நம்மூரிலும் இது நடந்தது. 1920களின் கடைசியில் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்ட மேலவையில் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக இறங்கியபோது, தேவதாசிகள் சங்கம் எதிர்த்து மனு கொடுத்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னால் நின்றார். இன்னொரு பக்கம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார், அதே சமூகத்தில் பிறந்து, ஒழித்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் போனார். இருவரில் ஒருவரைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒழிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒழிக்கும்போது அந்தப் பெண்ணின் கையில் என்ன இருக்கும் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே எழுத வேண்டும், கடைசி வரியில் இல்லை.

டோக்கியோ சேகர்:

ஜப்பானியச் சட்டம் விபச்சாரம் கூடாது என்கிறது, ஆனால் அந்தச் செயலுக்குத் தண்டனை வைக்கவில்லை. தெருவில் நின்று ஆள் கூப்பிடுவது, தரகு, இடம் கொடுப்பது, தொழிலாக நடத்துவது ஆகியவற்றுக்குத்தான் தண்டனை. அதாவது காசு கொடுக்கிற ஆண் மேல் எதுவும் இல்லை, தெருவில் நின்ற பெண்ணைப் பிடிக்கலாம். அப்படிப் பிடிபட்டவர்களைத் திருத்துவதற்கென்று வழிகாட்டு நிலையங்கள் வைத்தார்கள். அந்தத் ‘திருத்தும்’ பகுதியை நீக்கிவிட்டு, கஷ்டத்தில் இருக்கும் பெண்களுக்கு ஆதரவு என்று புதிதாக ஒரு சட்டம் 2022இல் போட்டார்கள். 2024 ஏப்ரலில்தான் அமலுக்கு வந்தது.

யோஷிவாரா இப்போதும் இருக்கிறது. வரைபடத்தில் அந்தப் பெயர் கிடைக்காது, செந்ஸொகு என்று போட்டிருக்கும். குளியல் விடுதிகள் என்ற பெயரில் அதே வேலை நடக்கிறது. போன வசந்தத்தில் ஒரு ஞாயிறு காலையில் அங்கே நடந்து போனேன். வாடிக்கையாளர்கள் ஊர் திரும்பும்போது ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்களாம், அந்த இடத்தில் ஒரு வில்லோ மரம், அதற்குத் ‘திரும்பிப் பார்க்கும் வில்லோ’ என்று பெயர். இப்போது ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் நிற்கிறது. அங்கிருந்து வடக்கே மினோவா பக்கம் ஜோகான்ஜி என்று ஒரு கோயில். ‘எறிந்துவிடும் கோயில்’ என்பார்கள். கேட்க ஆளில்லாமல் செத்துப்போன யோஷிவாராப் பெண்களை வைக்கோல் பாயில் சுருட்டிக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்களாம். இருபத்தையாயிரம் பேருக்கு மேல் அங்கே அடங்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். நினைவுத் தூண் அடியில் யாரோ சீப்பும் உதட்டுச்சாயமும் வைத்திருந்தார்கள்.

பழனிவேல்_மதுரை:

நெய்தல் கேட்ட யசுமி கேள்விக்கு வருகிறேன்.

அவளைப் படம் தண்டிக்கிறது என்றீர்கள். ஆனால் அவள் சாகவில்லையே. அதற்கப்புறம் என்ன நடக்கிறது? அந்த விடுதிக்குப் படுக்கை விரிப்பு, மெத்தை கொடுத்துக்கொண்டிருந்த கடைக்காரர் யசுமி மேல் இருந்த மோகத்தில் திவாலாகி ஓடிவிடுகிறார். அந்தக் கடையை இவள் எடுத்து நடத்துகிறாள். படம் முடியும்போது நேர்த்தியான கிமோனோவில் கனவூருக்கே சரக்கு கொடுக்கும் வியாபாரியாக வந்து, பழைய முதலாளிக்குச் சமமாக நின்று பேசிவிட்டுப் போகிறாள். ஐவரில் வெளியேறியது அவள் ஒருத்திதான். வெளியேறின பிறகும் அவள் கல்லாவில் விழும் காசு அதே படுக்கைகளிலிருந்துதான் வருகிறது. இதில் தண்டனை எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கிணற்றிலிருந்து ஏற வேண்டுமானால் இன்னொருத்தியின் தோளில்தான் கால் வைக்க முடியும் என்று மிஸோகுச்சி காட்டுகிறார், அவ்வளவுதான்.

யொரியேவையும் சேர்த்துப் பாருங்கள். மற்றவர்கள் பாத்திரம் பண்டம் எல்லாம் சீராகக் கொடுத்து வழியனுப்புகிறார்கள். படத்திலேயே சந்தோஷமான இடம் அதுதான். கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிடுகிறாள். புருஷனுக்கு வேண்டியிருந்தது சம்பளமில்லாத வேலைக்காரி. பொழுது விடிந்ததிலிருந்து அடையும்வரை உழைப்பு, கையில் ஒரு காசு கிடையாது. இங்கே என்றால் சம்பாதித்ததை நானாவது செலவு செய்யலாம் என்கிறாள். சீர் கொடுத்தவர்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இளங்கோ:

சார், யுமெகோவின் மகனைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அவன் மேல் கோபமாக வந்தது. இத்தனை வருடம் வளர்த்த அம்மாவைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நிற்கவைத்து, உன்னால் எனக்கு அசிங்கம், இனிமேல் பார்க்காதே என்று உதறிவிட்டுப் போகிறான். அவளுக்குப் புத்தி பேதலித்துப் போய் அந்தப் பழைய பாட்டைப் பாடும்போது என்னால் திரையைப் பார்க்க முடியவில்லை.

தாமரை_சேலம்:

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பையனை விட்டுவிடுங்கள். அவன் ஊரில் பேச்சு வாங்கியே வளர்ந்தவன். அம்மா தெருவில் ஆளை இழுப்பதைத் தன் கண்ணால் பார்த்தவன். அந்த வயதுப் பிள்ளைகள் பலரோடு பேசியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் எழுதச் சொல்லும் ஒவ்வொரு படிவமும் அவர்களுக்கு ஒரு அடி. அம்மாவை வெறுத்தால்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று ஊர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது. சிலர் இருபத்தைந்து, முப்பது வயதில் திரும்பி வருவார்கள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொள்வார்கள். சிலர் வருவதே இல்லை. யுமெகோவுக்குக் காத்திருக்க யாராவது துணை இருந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள்.

கடைசியில் அந்தச் சின்னப் பெண் ஷிஸுகோ பற்றியும் ஒரு வார்த்தை. நிலக்கரிச் சுரங்கத்தில் அடிபட்ட அப்பாவுக்காக வந்தவள். விடுதியில் எடுபிடி வேலை செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு வெள்ளைப் பவுடர் பூசி வாசலில் நிறுத்துகிறார்கள். தூண் பின்னால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு கூப்பிடுகிறாள், குரலே வரவில்லை. எல்லோரும் அந்தக் காட்சியைக் கலை என்று புகழ்கிறீர்கள், புகழ வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்ததில் பாதிப் பேருக்கு முதல் நாள் பதினெட்டு வயது ஆகியிருக்கவில்லை. அதைத் தொழில் என்று எந்த மொழியிலும் சொல்லக்கூடாது. வளர்ந்த பெண்ணின் முடிவு வேறு, இது வேறு. இரண்டையும் ஒரே சட்டத்தில் ஒரே மூட்டையாகக் கட்டியதால்தான் நாங்கள் களத்தில் இத்தனை சிரமப்பட்டோம்.

நெய்தல்:

பழனிவேல் சார், யசுமி வெளியேறினாள் என்பதை ஏற்கிறேன். ஆனால் அவள் தோளில் கால் வைத்தவர்கள் வரிசையில் முதலில் நிற்பது லஞ்சம் வாங்கிய அவள் அப்பா. அவருடைய முகத்தைப் படம் ஒருமுறைகூடக் காட்டவில்லை. மிக்கியின் அப்பாவைக் காட்டியது மாதிரி இவரையும் அந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால், கடன் படம் என்ற உங்கள் வாதத்துக்கு நான் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். 1948இல் மிஸோகுச்சி எடுத்த ‘இரவின் பெண்கள்’ படத்தையும் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள். போர் முடிந்த ஓசாகாவில் இதே கேள்வியை இன்னும் கரடுமுரடாகக் கேட்டிருப்பார். அதை வைத்துத்தான் நான் அடுத்து வாதாடப் போகிறேன்.